இரண்டாவது கார் ஷெட்டுக்கு வழி: தெரு யாருடையது?

எங்கள் மனைப்பிரிவின் குடியிருப்போர் சங்கம் சென்ற மாதம் ஒரு மனுவைத் தயாரித்தது. பக்கத்து நிலத்துக்காரர் தன் வீட்டின் பின்பக்கச் சுவரை இடித்து, எங்கள் தெருவை நோக்கி இரண்டாவதாக ஒரு வண்டிக் கொட்டகை கட்டியிருக்கிறார்; அதற்கு ஷட்டர் போட்டு, எங்கள் தெரு வழியாக வண்டியை எடுக்கிறார்; அதைத் தடுக்க வேண்டும் என்பது மனுவின் சாரம். நாற்பத்தோரு கையெழுத்துகள். அவற்றுள் ஒன்று என்னுடையது. மாலை நடை முடிந்து வீட்டு வாசலில் நின்றிருந்தபோது நீட்டினார்கள்; முழுவதும் படிக்காமலே போட்டுவிட்டேன். முப்பத்து மூன்று ஆண்டுகள் மாணவர்களிடம் 'படிக்காமல் முடிவுக்கு வராதீர்கள்' என்று சொல்லிவந்தவன் செய்யக்கூடாத காரியம் அது.

மனு கொடுத்த மூன்றாம் நாள், யார் நட்டார்கள் என்று எவரும் ஒப்புக்கொள்ளாத மூன்று கல்தூண்கள் அந்த ஷட்டருக்கு முன்னால் முளைத்திருந்தன. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் கல்லுக்குப் பஞ்சமில்லை. வண்டி உள்ளேயே அடைபட்டது. அதன் பிறகுதான் நான் மனுவின் நகலை வாங்கிப் படித்தேன். என் கிரயப் பத்திரத்தையும் எடுத்துப் படித்தேன். படித்ததில் தெரிந்தவற்றையும், ஒரு பொருளியல் ஆசிரியனாக இந்தச் சிறு தகராற்றில் நான் காண்பவற்றையும் இங்கே எழுதுகிறேன். இது எங்கள் தெருவோடு முடியும் சங்கதி அல்ல. ஓசூரிலிருந்து தருமபுரி வரை, விளைநிலம் மனையாகும் ஒவ்வொரு ஊரிலும் இதே சண்டை வேறு வேறு பெயரில் நடக்கிறது.

நிலமும் வண்டியும்

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். ராயக்கோட்டைக்கு அருகே, முன்பு தக்காளியும் ராகியும் விளைந்த நிலத்தில் பிரிக்கப்பட்ட மனைகள் எங்களுடையவை. பக்கத்து நிலத்துக்காரர் எங்களுக்கெல்லாம் முந்தியவர். அவர் வீட்டின் முன்வாசல் பழைய ஊர்த் தெருவில் இருக்கிறது. அந்தத் தெரு பன்னிரண்டு அடிதான். முன்பக்கத்தில் ஒரு கார் ஷெட் உண்டு. ஓசூர்த் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்க்கும் மூத்த மகனின் கார் அதில் நிற்கிறது. இளைய மகன் ஒரு சரக்கு வண்டி வைத்திருக்கிறார். ஊரில் 'குட்டி யானை' என்பார்களே, அந்த வகை. சொந்த இரண்டு ஏக்கரின் தக்காளியையும், அக்கம்பக்கத்தாரின் தக்காளியையும் விடியற்காலையில் மண்டிக்குக் கொண்டுபோவது அதன் வேலை. அந்த வண்டிக்காகக் கட்டப்பட்டதுதான் பின்பக்கத்து இரண்டாவது கொட்டகை. அதன் ஷட்டர் திறப்பது எங்கள் மனைப்பிரிவின் இருபது அடிச் சாலையில்.

ராயக்கோட்டைத் தக்காளி பற்றி இந்தப் பக்கத்து வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பறித்த தக்காளி காத்திருக்காது. மண்டிக்கு நேரத்தில் போகாத கூடைக்கு விலை போய்விடும். தூண்கள் நடப்பட்ட பிறகு அந்த இளைஞர் வாடகை வண்டி வைத்து ஓட்டினார். கூடைக்குக் கிடைக்கும் லாபம் வாடகையில் கரைந்தது. 'லோனுக்கு மாசத் தவணை நிக்காது சார், வண்டிதான் நிக்குது' என்று அவர் தந்தை என்னிடம் சொன்னார். அவர் குரலில் கோபம் இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

எங்கள் தரப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை. அதிகாலை மூன்று மணிக்கு ஷட்டர் தூக்கும் ஓசை. வண்டியைப் பின்னுக்கு எடுக்கும்போது ஒலிக்கும் சத்தம். கால்வாயின் மேல் அவர் போட்ட சிமெண்டுச் சரிவால் மழை நாளில் தேங்கும் நீர். தெருவில் சைக்கிள் பழகும் குழந்தைகள். சங்கத்தின் செயலாளர் பெங்களூரில் பணிபுரியும் இளைஞர். இரவு இரண்டு மணிக்கு வீடு திரும்புபவர். 'நாங்க கடன் வாங்கி வாங்கினது அமைதியான ரெசிடென்ஷியல் ஏரியா சார், லாரி ஷெட் இல்லை' என்கிறார். இருவர் தலையிலும் மாதத் தவணை இருக்கிறது.

சட்டம் சொல்வது

மனுவில் இருந்த முதல் வாதம்: 'அவருக்கு முன்பக்கம் வழி இருக்கிறது; ஆகவே பின்பக்க வழிக்கு உரிமை இல்லை.' கேட்பதற்குச் சரியாகவே படுகிறது. வழக்கறிஞர்கள் ஈஸ்மெண்ட் என்று சொல்லும் வசதியுரிமையை 1882-ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று வரையறுக்கிறது. அதன் 13-ஆம் பிரிவு, ஒரே நிலம் பிரிக்கப்படும்போது வேறு வழியே இல்லாதவருக்கு 'அவசிய வழி' தருகிறது. 15-ஆம் பிரிவு, இருபது ஆண்டுகள் வெளிப்படையாகவும் தடையின்றியும் உரிமையோடு பயன்படுத்திய வழியைக் காக்கிறது. அரசு நிலமானால் அது முப்பது ஆண்டுகள். 41-ஆம் பிரிவு, அவசியம் தீர்ந்தால் அவசிய வழியும் தீர்ந்தது என்கிறது. இந்தச் சட்டத்தின்படி பார்த்தால் பக்கத்து வீட்டுக்காரர் தோற்பார். அவருக்கு முன்வாசல் இருக்கிறது. இரண்டாவது கொட்டகை அவசியம் அல்ல, வசதி. கட்டி ஓராண்டுகூட ஆகவில்லை.

ஆனால் இந்தச் சட்டம் இங்கே பொருந்தாது. வசதியுரிமை என்பது பிறருடைய தனிச்சொத்தின் மீது கோரப்படுவது. எங்கள் தெரு தனிச்சொத்தா என்பதே முதல் கேள்வி. அதற்கு விடை தெரிய, தமிழ்நாட்டின் மனைப்பிரிவு வரலாற்றில் சிறிது பின்னே போக வேண்டும்.

அங்கீகாரம் பெறாத மனைகளைப் பத்திரப்பதிவு செய்யக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பர் 9 அன்று இடைக்காலத் தடை விதித்தது நினைவிருக்கலாம். மாநிலம் முழுவதும் மனை வணிகம் சில மாதங்கள் உறைந்தது. அதன் விளைவாக 2017-இல் அங்கீகாரமற்ற மனைகளையும் மனைப்பிரிவுகளையும் வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்தன. 2016 அக்டோபர் 20-க்கு முன் விற்கப்பட்ட மனைகள் கட்டணம் செலுத்தி வரன்முறை பெறலாம் என்று அவை கூறின. எங்கள் மனைப்பிரிவும் அப்படி வரன்முறை பெற்றதுதான். அந்தச் சமயத்தில் மனைப்பிரிவின் சாலைகள் தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சி அமைப்புக்கு ஒப்படைக்கப்பட்டன. முறையாக அங்கீகாரம் பெறும் மனைப்பிரிவுகளிலும் இதுவே நடைமுறை: சாலையும், பொது ஒதுக்கீட்டு நிலமும் உள்ளாட்சிக்குப் போகும், அதன் பிறகே மனை விற்பனைக்கு வரும்.

ஆக, 'நாங்கள் காசு கொடுத்து வாங்கிய தெரு' என்று சங்கம் சொல்வது உணர்வில் உண்மை, ஆவணத்தில் பொய். நாங்கள் கொடுத்த மனை விலையில் சாலைக்கான நிலத்தின் விலை அடங்கியிருக்கலாம். ஆனால் அந்தச் சாலை இன்று பொதுச் சாலை. பொதுச் சாலையை ஒட்டி நிலம் வைத்திருப்பவருக்கு, அந்த எல்லையின் எந்தப் புள்ளியிலிருந்தும் சாலையை அடைய உரிமை உண்டு என்பது சென்னை உயர் நீதிமன்றம் பல தீர்ப்புகளில் ஏற்ற கோட்பாடு. முன்பக்கம் வேறு தெரு இருப்பது இந்த உரிமையைக் குறைக்காது. அவர் திறந்தது ஆக்கிரமிப்பு அல்ல. எங்கள் பக்கத்திலிருந்து நடப்பட்ட மூன்று தூண்களே ஆக்கிரமிப்பு.

இதை அறிந்துதான் சில மனை வணிகர்கள் மனைப்பிரிவின் ஓரத்தில் ஓரடி நிலத்தைத் தங்கள் பெயரிலேயே நிறுத்திக்கொள்கிறார்கள். சாலைக்கும் பக்கத்து நிலத்துக்கும் இடையே அந்த ஓரடி நிற்கும். பக்கத்து நிலத்துக்காரர் நாளை மனை போடும்போது, அந்த ஓரடிக்கு ஒரு பெரிய விலை கேட்பார்கள். பொருளியலில் இதை ஏகபோக வாடகை என்போம். எதையும் விளைவிக்காத, எதையும் கட்டாத, வழியை மறித்து நிற்பதால் மட்டுமே வரும் வருமானம். சாலையை முழு அகலத்தோடு எல்லை வரை ஒப்படைக்கச் சொல்வதும், ஒப்படைத்த வரைபடத்தை எவரும் பார்க்கும்படி வைப்பதும்தான் இதற்கு மருந்து.

உரிமைக்கும் எல்லை உண்டு

சாலையை அடையும் உரிமை இருக்கிறது என்றதும் எல்லாம் முடிந்துவிடவில்லை. அடையும் உரிமை வேறு, பயன்படுத்தும் விதம் வேறு. கால்வாயை அடைத்துச் சரிவு போட அவருக்கு உரிமை இல்லை. வண்டியைத் தெருவிலேயே இரவு முழுதும் நிறுத்தி வைக்க உரிமை இல்லை. அண்டை வீட்டார் தூக்கத்தைக் கெடுக்கும் அளவுக்கு ஓசை எழுப்ப உரிமை இல்லை. ஒவ்வொன்றையும் தனித்தனியே கேட்டிருந்தால் சங்கத்துக்கு நியாயம் கிடைத்திருக்கும். எல்லாவற்றையும் சேர்த்து 'வழியே கூடாது' என்று கேட்டதால், கேட்கக்கூடிய நியாயமும் கைவிட்டுப் போயிற்று.

வழி உரிமையை நெறிப்படுத்தலாம் என்பதற்கு எங்கள் கண்முன்னே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. ஓசூரிலிருந்து ராயக்கோட்டை, பாலக்கோடு வழியாகத் தருமபுரி நோக்கிப் போகும் தேசிய நெடுஞ்சாலை 844-ஐ ஒட்டி நிலம் வைத்திருப்பவர் தன் இஷ்டம்போல் அதில் வாசல் திறந்துவிட முடியாது. 2002-ஆம் ஆண்டின் தேசிய நெடுஞ்சாலைகள் கட்டுப்பாட்டுச் சட்டப்படி அனுமதி பெற வேண்டும். வேகமாக வண்டிகள் போகும் சாலையில் ஒவ்வொரு வாசலும் ஒரு விபத்து வாய்ப்பு என்பதே காரணம். அதேபோல ராயக்கோட்டைக் கோட்டை, 1791-இல் மைசூர்ப் போரின்போது கிழக்கிந்தியக் கம்பெனிப் படையிடம் வீழ்ந்த அந்தக் கோட்டை, தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. அத்தகைய சின்னங்களைச் சுற்றி நூறு மீட்டருக்குள் புதிதாகக் கட்டக் கூடாது. அதற்கு அப்பால் இருநூறு மீட்டருக்கு அனுமதி வேண்டும் என்பது 2010-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம். நெடுஞ்சாலைக்கும் கோட்டைக்கும் விதி இருக்கிறது. இரண்டும் அல்லாத சாதாரண இருபது அடித் தெருவில்தான் விதி மங்கலாகி, தூண் நடுபவர் கை ஓங்குகிறது.

வீடு, தொழில், வரைபடம்

மனுவின் இரண்டாவது வாதம் இன்னும் ஆழமானது: 'இது குடியிருப்புப் பகுதி; சரக்கு வண்டிக்கு இங்கே இடமில்லை.'

குடியிருப்பு, வணிகம், தொழில், வேளாண்மை என்று நிலத்தைப் பயன்பாட்டு வாரியாகப் பிரிப்பது இன்று உலகெங்கும் வழக்கம். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1926-இல் யூக்ளிட் என்ற சிற்றூரின் வழக்கில் அதை ஏற்றது. தொழிற்சாலைப் புகை வீட்டுக்குள் வரக் கூடாது என்பதே அன்றைய கவலை. தமிழ்நாட்டில் 1971-ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டம் அந்த அதிகாரத்தைத் தருகிறது. 2019-இல் வந்த ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் எந்தப் பகுதியில் எது கட்டலாம் என்று விரிவாகச் சொல்கின்றன. நல்ல நோக்கம். ஆனால் எங்கள் பகுதியின் நடப்பு அந்த வரைபடத்தின் நிறங்களுக்குள் அடங்குவதில்லை. யூக்ளிடில் வீடுகளை நோக்கித் தொழிற்சாலை வந்தது. இங்கே தொழிலை நோக்கி வீடுகள் வந்திருக்கின்றன. தக்காளி முன்பே இருந்தது; நாங்கள்தான் பின்னால் வந்தோம்.

பின்னால் வந்தவர் முன்னால் இருந்தவரைத் தடுக்கலாமா? 1879-இல் லண்டனில் இதே கேள்வி நீதிமன்றம் ஏறியது. ஒரு மிட்டாய் வியாபாரி பல ஆண்டுகளாகத் தன் சமையற்கூடத்தில் பெரிய உரல்களில் இடித்துக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டில் குடியேறிய ஒரு மருத்துவர், தோட்டத்தின் கோடியில், அந்தச் சமையற்கூடச் சுவரை ஒட்டி, நோயாளிகளைப் பார்க்கும் அறை ஒன்றைக் கட்டினார். கட்டிய பிறகு உரலோசையில் நோயாளியின் நெஞ்சொலி கேட்கவில்லை என்று வழக்குத் தொடுத்தார். மருத்துவர் வென்றார். முன்னால் இருந்தேன் என்பது மட்டும் போதாது என்றது நீதிமன்றம்.

இந்த வழக்கை எடுத்துக்கொண்டுதான் ரொனால்டு கோஸ் 1960-இல் தன் புகழ்பெற்ற கட்டுரையை எழுதினார். பின்னர் 1991-இல் நோபல் பரிசும் பெற்றார். அவர் சொன்னதன் சாரம் இது. ஓசையால் மருத்துவருக்குத் தீங்கு; ஓசையை நிறுத்தினால் வியாபாரிக்குத் தீங்கு. தீங்கு இருபுறமும் இருக்கிறது. எவர் தரும் தீங்கைத் தவிர்ப்பது குறைந்த செலவு என்பதே கேள்வி. பேரம் பேசும் செலவு சிறிதாக இருந்தால், உரிமை எவரிடம் இருந்தாலும் இருவரும் பேசி அந்தக் குறைந்த செலவு வழிக்கே வந்து சேர்வார்கள்.

இதை வகுப்பில் எத்தனையோ முறை கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். எங்கள் தெருவில் அதைப் பொருத்திப் பார்த்தபோதுதான் அதன் நிபந்தனை எவ்வளவு கனமானது என்று உறைத்தது. பேரம் பேசும் செலவு இங்கே சிறிதல்ல. நாற்பத்தொரு வீட்டார் ஒன்றுகூடிப் பேச வேண்டும். எதிரே இருப்பவர் ஊர்க்காரர், நாங்கள் வந்தேறிகள் என்ற நினைப்பு இருபுறமும் உண்டு. சாதியும் கட்சியும் வாய்விட்டுச் சொல்லப்படாமல் நடுவில் அமர்ந்திருக்கின்றன. முதலில் பேசப் போகிறவர் தாழ்ந்துபோனதாக ஆகிவிடும் என்ற கௌரவம் வேறு. ஆகவே பேரத்துக்குப் பதில் மனு. மனுவுக்குப் பதில் தூண். கோஸின் தேற்றம் பொய்த்துவிட்டதாக இதற்குப் பொருள் அல்ல. பேரச் செலவு மிகுந்த இடத்தில் உரிமையைத் தெளிவாக வரையறுப்பதும், பேசுவதற்கு ஒரு மேடை அமைத்துத் தருவதும் அரசின் கடமை என்றுதான் அவரும் சொல்லாமல் சொல்கிறார்.

கார் ஷெட் என்றால் என்ன?

வண்டி நிறுத்தும் இடத்தைப் பற்றி நம் நீதிமன்றங்கள் ஏற்கெனவே சிந்தித்திருக்கின்றன. மும்பை தஹிசரில் ஒரு கட்டுமான நிறுவனம், அடுக்ககத்தின் தரைத்தளத் தூண்களுக்கிடையே இருந்த வண்டி நிறுத்துமிடங்கள் தனக்கே சொந்தம், அவற்றைத் தனியே விற்கலாம் என்று வாதிட்டது. பஞ்சாலி கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கம் அதை எதிர்த்தது. 2010 ஆகஸ்ட் 31 அன்று உச்ச நீதிமன்றம் சங்கத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது: திறந்த தூண்தளம் 'கராஜ்' ஆகாது, அது பொதுப் பகுதி, கட்டியவர் அதைத் தனியே விற்க முடியாது. 2016-ஆம் ஆண்டின் மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டம் அந்தச் சொல்லுக்கு வரையறையே கொடுத்துவிட்டது: கூரையும் மூன்று பக்கச் சுவரும் இருந்தால் கராஜ், திறந்த நிறுத்துமிடம் பொதுப் பகுதி.

இந்த வரையறை அடுக்ககத்துக்குப் பொருந்தும். தனி வீட்டின் கார் ஷெட்டுக்கும் தெருவுக்கும் உள்ள உறவைப் பற்றி இவ்வளவு தெளிவாக எவரும் எழுதவில்லை. ஆனால் தீர்ப்பின் உட்பொருள் இங்கேயும் பயன்படும். கொட்டகைக்குள் இருக்கும் இடம் உரிமையாளருடையது. கொட்டகைக்கு வெளியே, வண்டி வந்து திரும்பும் இடம் எல்லோருடையதும். முதலாவதற்கு அவர் விலை கொடுத்திருக்கிறார். இரண்டாவதற்கு எவரும் விலை கொடுப்பதில்லை. எங்கள் தெருச் சண்டையின் மையம் அந்த விலையில்லாத இரண்டாவது இடம்தான்.

கணக்கைப் பாருங்கள். ஒரு காரை நிறுத்தச் சுமார் இரண்டரை மீட்டர் அகலமும் ஐந்து மீட்டர் நீளமும் வேண்டும். ஏறக்குறைய 135 சதுர அடி. வீட்டுக்குள் கொட்டகை கட்டினால் அந்த 135 சதுர அடி தெருவுக்கு மிச்சம் என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் கொட்டகையின் வாசலுக்கு முன் வேறு எவரும் வண்டி நிறுத்த முடியாது. இருபது அடித் தெருவில் வண்டியைத் திருப்ப வேண்டுமானால் எதிர்ப்பக்கத்தையும் காலியாக வைக்க வேண்டும். ஆக, உள்ளே ஒரு வண்டிக்கு இடம் உண்டாகும்போது வெளியே ஒன்றோ இரண்டோ இடங்கள் பொதுவிலிருந்து எடுக்கப்படுகின்றன. ஒவ்வொரு வாசலும் தெருவின் ஒரு துண்டைப் பத்திரமில்லாமல் தனதாக்கிக்கொள்கிறது. அமெரிக்கப் பொருளியல் அறிஞர் டொனால்டு ஷூப், 2005-இல் வெளியான தன் பெரிய நூலில், இலவச வாகன நிறுத்தத்தின் உண்மை விலையை இப்படித்தான் கணக்கிட்டுக் காட்டினார். விலையில்லாத பொருளுக்கு விலை இல்லாமலில்லை. வேறு யாரோ கொடுக்கிறார்கள், அவ்வளவுதான்.

ஜப்பான் இதை 1962-இலேயே சட்டமாக்கியது. கார் வாங்குகிறவர் அதை நிறுத்தத் தனக்கு இடம் இருப்பதாகக் காவல்துறையின் சான்றிதழ் பெற வேண்டும். அந்த இடம் அவர் வசிக்கும் இடத்திலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். அங்கே குறுகிய தெருக்களில்கூட வண்டிகள் அடைத்து நிற்காததற்கு இதுவும் ஒரு காரணம். அந்த அளவுகோலில் பார்த்தால், இரண்டாவது வண்டிக்கு இரண்டாவது கொட்டகை கட்டிய எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் பொறுப்பான குடிமகன். எங்கள் சங்கத்தில் கையெழுத்திட்டவர்களில் எத்தனை பேருடைய இரண்டாவது கார் தெருவில் நிற்கிறது என்று ஒரு நாள் காலையில் எண்ணினேன். பதினொன்று. தன் வண்டியைத் தெருவில் நிறுத்துகிறவர்கள், தன் வண்டியை வீட்டுக்குள் நிறுத்த முயல்கிறவரைத் தடுக்கிறோம்.

நாளைக்கு வரும் தெருக்கள்

இதை ஏன் இவ்வளவு பெரிதாக எழுத வேண்டும் என்று கேட்கலாம். ஓசூர் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 1,16,821 பேர் கொண்ட நகராட்சி, 2019-இல் மாநகராட்சி. 1970-களில் சிப்காட் வந்தது. அதைத் தொடர்ந்து அசோக் லேலண்டு, டிவிஎஸ், டைட்டன் வந்தன. இப்போது கைப்பேசி உதிரிபாகங்களும் மின்சார ஸ்கூட்டர்களும் இந்த மாவட்டத்தில் உருவாகின்றன. ஓசூரில் இரண்டாயிரம் ஏக்கரில் பன்னாட்டு விமான நிலையம் அமையும் என்று 2024 ஜூனில் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. அறிவிப்பு எப்போது நிலையமாகும் என்பது வேறு. நிலத்தின் விலை அறிவிப்புக்கே ஏறிவிடும். விலை ஏறும் ஒவ்வொரு நிலமும் மனையாகும். மனையாகும் ஒவ்வொரு நிலத்திலும் பழைய வண்டிப்பாதை ஒன்று புல வரைபடத்தில் புள்ளிக்கோடாக இருக்கும். அந்தப் புள்ளிக்கோடு எங்கே மறைகிறதோ அங்கே ஒரு வழக்கு பிறக்கும்.

2024 ஜூலையில் தமிழ்நாடு அரசு சுயசான்று முறையைக் கொண்டுவந்தது. 2,500 சதுர அடிக்கு உட்பட்ட மனையில் 3,500 சதுர அடிக்கு உட்பட்ட வீடு கட்டுவோர் இணையவழியில் உடனடி அனுமதி பெறலாம். அலைச்சலும் கையூட்டும் குறைய இது உதவும், வரவேற்கிறேன். ஆனால் அதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. வாசல் எந்தத் தெருவில் திறக்கிறது, கால்வாய் மேல் என்ன வருகிறது என்று கட்டுவதற்கு முன் நேரில் வந்து பார்ப்பவர் இல்லை. முன்பு அலுவலகத்தில் கேட்கப்பட்டிருக்க வேண்டிய கேள்வி, இப்போது கட்டி முடித்த பிறகு தெருவில் கேட்கப்படுகிறது. அனுமதியை எளிதாக்கிய அரசு, தகராற்றைத் தீர்ப்பதையும் எளிதாக்க வேண்டும்.

அதற்கு நான்கு யோசனைகள். ஒன்று: தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சிக்கு வந்த எல்லாச் சாலைகளின் பட்டியலையும் வரைபடத்தையும் ஊராட்சி அலுவலகச் சுவரிலும் இணையத்திலும் வைக்க வேண்டும். பாதிச் சண்டை அந்த ஒரு தாளில் தீரும். இரண்டு: பொதுச் சாலையில் புதிதாக வண்டி வாசல் திறப்போர் உள்ளாட்சிக்கு அறிவிக்க வேண்டும், கால்வாய் அடைபடாதபடி சரிவின் அளவை உள்ளாட்சி நிர்ணயிக்க வேண்டும், இரண்டாவது வாசலுக்கு ஆண்டுக்கு ஒரு சிறு கட்டணம் வாங்கலாம். தெருவில் நிரந்தரமாக நிறுத்தப்படும் வண்டிக்கும் அதே கட்டணம் வேண்டும். ஒருவருக்கு விலையும் மற்றவருக்கு இலவசமும் கூடாது. மூன்று: ஓசூரைச் சுற்றிய ஊர்களுக்கு முழுமைத் திட்டம் தீட்டும்போது, வீட்டோடு சேர்ந்த சிறு சரக்கு வண்டியைக் குடியிருப்புப் பயன்பாட்டின் பகுதியாகவே ஏற்க வேண்டும், எடைக்கும் எண்ணிக்கைக்கும் வரம்பு வைக்கலாம். உழவரும் சிறு வணிகரும் வாழும் ஊரை வெறும் உறங்கும் ஊராக வரைபடத்தில் மாற்றிவிடக் கூடாது. நான்கு: இத்தகைய தகராறுகளை முப்பது நாளில் கேட்டு முடிக்க வட்டார அளவில் சமரசக் குழு ஒன்று வேண்டும். உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்கு முடிவதற்குள் அந்த வண்டியின் தவணை முடிந்துவிடும்.

இவற்றில் எதுவும் நாளையே நடக்காது என்பது எனக்குத் தெரியும். நடக்கும்வரை அவரவர் செய்யக்கூடியது உண்டு. மனுவிலிருந்து என் கையெழுத்தை விலக்கிக்கொள்வதாகச் சங்கத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். செயலாளர் வருத்தப்பட்டார், ஆனால் பேசினார். பக்கத்து வீட்டுக்காரர் சரிவைக் குறைத்துக் கால்வாய்க்குக் குழாய் பதிக்கவும், ஷட்டருக்குப் பதில் ஓசை எழுப்பாத கதவு வைக்கவும் தயார் என்கிறார். பதிலுக்கு அவர் கேட்பது ஒன்றுதான்: தூண்களைப் பிடுங்குவது நாங்களாக இருக்க வேண்டும், அதிகாரிகளாக அல்ல. வரும் ஞாயிற்றுக்கிழமை இரு தரப்பும் கூடுவதாக ஏற்பாடு. என்ன ஆகும் என்று சொல்ல முடியவில்லை. நாற்பது பேரில் இன்னும் முப்பது பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் போகிறார்கள்.

அவரிடம் சரிவைக் குறைக்கச் சொன்ன அன்று மாலை, என் வீட்டு வாசலையும் அளந்து பார்த்தேன். என் கார் ஷெட்டின் சிமெண்டுச் சரிவு கால்வாயைத் தாண்டித் தெருவுக்குள் இரண்டே கால் அடி நீண்டிருக்கிறது. ஒன்பது ஆண்டுகளாக எவரும் அதைப் பற்றி மனு எழுதவில்லை. கொத்தனாரிடம் சொல்லியிருக்கிறேன், சனிக்கிழமை வந்து இடிப்பதாகச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு முன் அது முடிந்துவிட வேண்டும்.

*கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு)*